அக்கா மறையும் இடம்

கூடையின் மேல்வரிசையில் எதை அடுக்குகிறோமோ அதைத்தான் வாங்க வருகிறவர் பார்ப்பார் என்பது கடை வைத்தவர்களுக்குத் தெரியும். வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் கடை வைத்தவர் அல்ல. ஆனாலும் இந்த வித்தை அவருக்குக் கூடவே பிறந்திருந்தது.

"மூட்டம், படம் பளிச்சுனு இருக்கணும். துறைமுகத்து மேடம் வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா இந்தக் கரை முழுக்க, ஒவ்வொரு படகுலயும் நம்ம படம்தான் ஓடும். அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஒரு படத்தைக் காட்டி மானத்தை வாங்கிடாதீங்க."

மூட்டம் என்பது பட்டப்பெயர். கடலோர மூடுபனியை ரேடார் வைத்து ஆராய்வது அவன் வேலை என்பதால் யாரோ வைத்தது. முகமும் எப்போதும் மழைக்கு முந்தின வானம் மாதிரி இருந்ததால் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஊரின் ஓரத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டியிருந்த மேட்டில் அந்த ரேடார் நின்றது. மழையைப் பார்க்கிற சாதாரண ரேடாருக்கு மூடுபனி தெரியாது. மழைத்துளி மிளகு என்றால் பனித்துளி அரைத்துச் சலித்த மாவு. அந்த மாவையும் பார்க்கட்டும் என்று இதைத் தீட்டித் தீட்டிக் கூராக்கியிருந்தார்கள். கூர் அதிகமானால் தொல்லையும் அதிகம். கலங்கரை விளக்கம், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், தண்ணீர்த் தொட்டி, குன்று எல்லாம் திரையில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு நின்றன. இயக்குநர் அம்மை என்று சொன்னது அதைத்தான்.

மூட்டம் அதற்கு மருந்து கண்டுபிடித்தான். ஒரு வடிகட்டி. அதற்கு அவன் கொடுத்த உத்தரவு சின்னது: அசையாததைத் தூக்கி எறி. குன்று அசையாது, விளக்கம் அசையாது, தொட்டி அசையாது. எல்லாம் போய்விட்டன. மூடுபனி திறந்த கடலிலிருந்து காற்றின் முதுகில் ஏறி நடந்து வரும் சரக்கு. நடந்து வருவதை வடிகட்டி தொடாது. வடிகட்டியை இறுக்க இறுக்கப் படம் கறை போகத் துவைத்த துணி மாதிரி ஆயிற்று. இயக்குநர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவன் இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

இதில் ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. அவனுடைய அக்கா அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகை ஓட்டுகிறவள். படகு துறையை விட்டதும் ரேடார் இருக்கும் மேட்டை நெருங்கி வரும். பாதி வழி தாண்டியதும் மேட்டை விட்டு விலகிப் போகும். நடுவில் கொஞ்ச நேரம் நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. மேட்டிலிருந்து ஒரே தூரத்தில் பக்கவாட்டில் போகும். இந்த ரேடாருக்கு நெருங்குவதும் விலகுவதும்தான் அசைவு. பக்கவாட்டில் போகிறவனை அது நிற்கிறவன் கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே தினமும் நடுவழியில் வடிகட்டி அக்காவையும் சேர்த்துத் தூக்கி எறிந்தது. திரையில் படகு மறையும். அவன் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் தலைகாட்டும்.

"இன்னிக்கும் நடுக்கடல்ல காணாமப் போயிட்டியே, எங்க போயிருந்தே?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பான்.

"உன் மச்சான் தொல்லை தாங்காம ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துட்டு வந்தேன்," என்பாள் அக்கா.

மச்சான் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அங்கேயே ஒரு வீடு பாரு, நானும் வர்றேன்," என்பார்.

அக்காவை ரேடார்ப் பக்கம் இழுத்தது சாதாரணப் பேரம் இல்லை. கயிற்றை அவிழ்க்குமுன் அவள் கடலைப் பார்க்கிற பார்வை, நகைக்கடையில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவளின் பார்வை. பின்னால் அலுவலகம் போகிறவர்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்கள். அவள் அசையமாட்டாள். "உன் கண்ணு பாதி தூரம்தான் போகும், என் பெட்டி அக்கரை வரைக்கும் போகும்" என்று அவன் சொல்லாத நாள் இல்லை. "உன் பெட்டிக்கு என்ன, முழுகினா நான்தானே முழுகப் போறேன்" என்று அவளும் விட்டுக்கொடுத்ததில்லை. கடைசியில் படகிலிருந்த சின்ன ரேடார் பழுதாகிக் கழற்றிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் அவள் இறங்கி வந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில், கயிற்றில் கை வைத்தபடி, தம்பியை வயர்லெஸ்ஸில் கூப்பிடுவாள்.

துறைமுகத்து மேடம் வருகிற அன்றும் கூப்பிட்டாள்.

"டேய், உன் பெட்டி என்ன சொல்லுது?"

"துடைச்சு வெச்ச தட்டு மாதிரி இருக்குக்கா."

"நடுவுல ஒரு வெள்ளைப் பட்டை தெரியுதேடா. தண்ணியோட தண்ணியா, போர்வையை மடிச்சுப் போட்ட மாதிரி."

அவன் திரையைப் பார்த்தான். அறைக்கு ஜன்னல் இல்லை. ரேடாரின் அடிவாரத்தில், கான்கிரீட்டுக்குள் தோண்டிய மாதிரி ஓர் அறை; தலைக்கு மேலே தட்டு சுற்றுகிற முனகல் மட்டும் கேட்கும். திரை கறுப்பாக, அழகாக இருந்தது.

"வெயில் பட்டுத் தண்ணி மின்னுது. கண்ணாடியை மாத்துன்னு மச்சான் தலையால அடிச்சுக்கிறாரே, கேட்டியா நீ?"

"அவருக்கு என் கண்ணைப் பத்தி என்ன கவலை? மீன்ல முள்ளு எடுக்கத் தெரியணும், அவ்வளவுதான்." சிரிப்பு வந்தது, உடனே நின்றது. "காத்தே இல்லைடா இன்னிக்கு. கொடி தொங்குது. எனக்கு இது பிடிக்கல."

"காத்து இல்லேன்னா பனி எதுல ஏறி வரும்? நல்லதுதானே?"

"நிஜமா ஒண்ணும் இல்லையா?"

"இருந்தா காட்டாதா? அதுக்குத்தானே இதைக் கட்டிட்டு அழுவுறேன்?"

"சரி. உன்னை நம்பித்தான் அவுக்கிறேன். பின்னாடி படகு நிறைய ஜனம் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க," என்றாள்.

படகின் பொட்டு துறையிலிருந்து கிளம்பி மேட்டை நோக்கி வர ஆரம்பித்த நேரத்தில் இயக்குநர் விருந்தினருடன் உள்ளே நுழைந்தார்.

துறைமுகத்து மேடம் அதிகம் பேசாதவர். பேனாவால் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே பார்த்தார். இப்படிப்பட்டவர்களிடம்தான் விற்கிறவனுக்கு வியர்க்கும்.

"பாருங்க மேடம், கரையே இல்லை, குன்றே இல்லை. அசையறது மட்டும்தான். அதோ அந்த சின்னச் சின்னப் பொட்டெல்லாம் கடல் பறவைங்க. இது அக்கரைப் படகு. ஓட்டுறது நம்ம மூட்டத்தோட அக்காதான். இப்ப ஒரு வேடிக்கை பாருங்க. அந்த அம்மா மறைஞ்சிடுவாங்க."

படகு மறைந்தது.

மேடத்தின் பேனா நின்றது. "எங்கே போச்சு?"

"எங்கேயும் போகல. பக்கவாட்டுல போறதால வடிகட்டி அள்ளிடுச்சு. ஒரு வாய் காபி குடிக்கிறதுக்குள்ள வந்துடும்," என்றார் இயக்குநர்.

தட்டு ஒருமுறை சுற்றி முடித்தது. திரை புதுப்பித்துக்கொண்டது. படகு இல்லை. இயக்குநர் வடிகட்டியின் பெருமையைச் சொன்னார். இன்னொரு சுற்று முடிந்தது. படகு இல்லை. "இன்னிக்கு அக்கா கொஞ்சம் மெதுவா போறாங்க போல," என்று இயக்குநர் சிரித்தார். மேடமும் மரியாதைக்குச் சிரித்தார். மூட்டம் சிரிக்கவில்லை. அவன் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திறந்த கடலிலிருந்து பறவைகள் வரிசையாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வழக்கமாக நேராக வருகிறவை. இன்று நடுவழிக்கு வந்ததும் வரிசை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி இந்தப் பக்கம் வளைந்தது, ஒரு பாதி அந்தப் பக்கம். தாண்டிய பிறகு மறுபடி ஒன்று சேர்ந்தன. நடுவில், அவை எதையோ சுற்றிக்கொண்டு போன இடத்தில், திரையில் ஒன்றுமே இல்லை. அக்கா மறையும் இடம் அதற்குள்தான் இருந்தது.

ஒன்றுமில்லாத இடத்துக்கு யார் வழிவிடுவார்கள்?

காற்றில் ஏறி வரும் பனியைப் பற்றித்தான் அவன் இத்தனை காலம் யோசித்திருந்தான். காற்றே இல்லாத காலையில், குளிர்ந்த தண்ணீரின் மேலேயே பிறந்து, பிறந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் பனியைப் பற்றி யோசிக்கவில்லை. அது வராது, போகாது, நிற்கும். நிற்பதைத் தூக்கி எறியச் சொன்னவன் அவன்தான்.

வயர்லெஸ்ஸை எடுத்தான். "அக்கா."

"மூட்டம், அப்புறம் பேசலாமே," என்று இயக்குநர் பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, கேக்குதா?"

இரைச்சல். பிறகு அக்காவின் குரல், குழந்தை தூங்குகிற அறையில் பேசுகிறவள் மாதிரி. "கேக்குது. மெதுவா பேசு, பின்னாடி எல்லாரும் காதைத் தீட்டிட்டு இருக்காங்க. என் படகோட மூக்கே எனக்குத் தெரியலடா. பாலுக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு. நிறுத்திட்டேன்."

"நிறுத்தினா நல்லது. அப்படியே நில்லு."

"எங்க நிக்கறது? நீரோட்டம் பக்கவாட்டுல இழுத்துட்டுப் போகுது. டேய், ஒரு மணி அடிக்குது. கிட்டத்துல. எந்தப் பக்கம்னு தெரியல. இங்க என்ன மணி?"

அறையில் பதில் சொன்னது துறைமுகத்து மேடம். "மண்வாரிக் கப்பல். பனியில நின்னா மணி அடிப்பாங்க. காலையிலதான் அந்தப் பக்கம் மாத்தி நங்கூரம் போடச் சொன்னோம்." பிறகு சுத்தமான திரையைப் பார்த்தார். "இதுல ஏன் அது தெரியல?"

நங்கூரம் போட்ட கப்பல் அசையாது.

மூட்டம் வடிகட்டியின் விசை மேல் கை வைத்தான். இயக்குநர் அவன் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார். விருந்தாளி முன்னால் சண்டை போடக்கூடாது என்று வளர்ந்த மனிதர். "துறைமுகத்துக்குச் சொல்லிடலாம், அவங்க பார்த்துப்பாங்க. படத்தைக் கலைக்காதீங்க."

"படம் பொய் சொல்லுது சார்," என்று அவன் உரக்கவே சொன்னான், மேடம் காதில் விழவேண்டும் என்றே. கையை உதறிவிட்டு வடிகட்டியைக் கழற்றினான்.

திரையில் எல்லாம் திரும்பி வந்தது. குன்று, விளக்கம், பாரந்தூக்கிகள், தொட்டி. இவற்றுக்கு நடுவே, கடல் மேல், சோற்றுக் கஞ்சியைக் கொட்டிவிட்ட மாதிரி ஒரு பெரிய வெள்ளை. இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அக்கா சொன்ன பட்டை அதுதான்.

அந்தக் கஞ்சிக்குள் படகும் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை. பனியையே பார்க்கத் தீட்டிய கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. பலவீனமான எதிரொலிகளையெல்லாம் வெட்டினான். பனி கரைந்தது, இரும்பு நின்றது. சுற்றிக்கொண்டிருந்த தட்டை நிறுத்தி அந்தத் திசைக்கே நேராகத் திருப்பினான். தலைக்கு மேல் முனகல் அடங்கியது. அப்படி ஒரு நிசப்தம் அந்த அறையில் அதுவரை இருந்ததில்லை.

இரண்டு பொட்டுகள். ஒன்று மேட்டுக்குச் சற்றுக் கிட்டே. இன்னொன்று சற்றுத் தள்ளி. இரண்டும் நெருங்கவில்லை, விலகவில்லை. ஒன்று அக்கா. மற்றது கப்பல். எது எது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

ஒரு வழி இருந்தது.

"அக்கா, நான் காலையில சொன்னது தப்பு."

"அது எனக்குத் தெரியுது. இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு. மணி பெருசாயிட்டே வருது."

"உன் பக்கத்துல கப்பல் நிக்குது. உனக்கும் மேட்டுக்கும் நடுவுல இருக்கா, இல்லை உனக்கு அந்தப் பக்கம் இருக்கான்னு எனக்குத் தெரியல. நீ நகர்ந்தாத்தான் எந்தப் பொட்டு நீன்னு தெரியும். திசைகாட்டி முள்ளைப் பார்த்து, மேட்டுப் பக்கமா மூக்கைத் திருப்பி, கொஞ்சம் முன்னால வா."

வயர்லெஸ்ஸில் மணி கேட்டது. அவனுக்கே கேட்டது.

"கப்பல் மேட்டுப் பக்கம் இருந்தா?"

"நகர்ந்த உடனே பார்த்துடுவேன். உடனே சொல்லுவேன்."

"காலையிலயும் உடனேதான் சொன்னே."

தட்டில் சரக்கு இல்லாமல் பேரம் பேசுகிறவன் மாதிரி நின்றான்.

"எவ்வளவு வரணும்?" என்றாள் அக்கா.

"ஒரு சாண்."

"சாணா? இது படகுடா, ரவிக்கைத் துணியா?"

"ஒரு படகு நீளம். அதுல பாதி."

"பாதிதான். அதுக்கு மேல ஒரு விரக்கடை கூடக் கிடையாது."

"பாதி போதும்."

இன்ஜின் உறுமியது கேட்டது. யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து "என்னம்மா ஆச்சு" என்று கேட்டதும் கேட்டது. மூட்டம் வடிகட்டியை மறுபடி போட்டான். இரண்டு பொட்டுகளும் அணைந்தன. கறுப்பு. சுத்தமான, பளபளப்பான, இயக்குநருக்குப் பிடித்த கறுப்பு. மேடம் அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேனா எங்கேயோ விழுந்திருந்தது.

கறுப்பில் ஒரு பொட்டு எழுந்தது.

தள்ளி இருந்த பொட்டு.

"நிறுத்து! பின்னால போ! கப்பல் உன் மூக்குக்கு நேரா இருக்கு, பின்னால போ அக்கா!"

இன்ஜின் குரல் மாறியது. பொட்டு தயங்கியது. நின்றது, நின்றதும் திரையிலிருந்து அழிந்தது. வயர்லெஸ்ஸில் ஏதோ ஒன்று நீளமாக, வாணலியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி கத்தியது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். பிறகு இரைச்சலும் நின்றது.

திரையில் ஒன்றும் இல்லை.

அவன் அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கறுப்பை ராப்பகலாக உட்கார்ந்து கழுவிக் கழுவி எடுத்தவன் அவன்தான். அதற்குள் அக்கா இருந்தாள், அல்லது இல்லை.

பொட்டு திரும்ப வந்தது. மேட்டை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

"சுவர் மாதிரி நின்னுச்சுடா," என்றாள் அக்கா. குரல் நடுங்கியது, அதை மறைக்க அவள் முயலவில்லை. "கையை நீட்டித் தொட்டிருக்கலாம். முன்னால இருந்த கம்பி வேலி மொத்தமும் போச்சு. ஆளுங்க எல்லாம் இருக்காங்க. எண்ணிட்டேன்." மூச்சு வாங்கினாள். "இப்ப எந்தப் பக்கம்? சொல்லு. நீ சொல்லாம நகரமாட்டேன்."

அவன் சொல்லச் சொல்ல அவள் அங்குலம் அங்குலமாகப் பனியை விட்டு வெளியே வந்தாள்.

மேலே ஏறிப்போய்க் கதவைத் திறந்தபோது மேட்டில் வெயில் சுள்ளென்று அடித்தது. வானம் நீலமாக இருந்தது. கீழே, கடலின் நடுவில் மட்டும், அந்த வெள்ளை உட்கார்ந்திருந்தது. அசையவில்லை. யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி இருந்தது.

இதற்குப் பிறகு வியாபாரம் முறிந்திருக்கும் என்று நினைப்போம். முறியவில்லை. துறைமுகத்து மேடம் நடுக்கம் தெளிந்ததும் கெட்டிக்காரத்தனமாகத்தான் யோசித்தார். ஒரு படகைக் காப்பாற்றிய கருவி என்றுதான் அவர் மேலிடத்தில் சொன்னார். கண்ணால் பார்த்தவர் ஆயிற்றே. எந்தப் படம் வேண்டும் என்று கேட்டபோது குன்றும் தொட்டியும் அப்பிய படத்தைப் படகோட்டிகள் யாரும் விரும்பவில்லை. "அந்தக் கஞ்சியைப் பார்த்துட்டு எவன் ஓட்டுவான்?" என்றார்கள். சுத்தமான படமே போதும் என்று ஆயிற்று.

"நிக்கிற பனியை அது காட்டாது சார்," என்று மூட்டம் போன இடமெல்லாம் சொன்னான்.

"நிக்கிற பனி எப்பவோ ஒரு நாள் வரும். அதுக்காக தினமும் அழுக்குப் படம் பார்க்கச் சொல்றீங்களா?" என்றார் இயக்குநர்.

படகோட்டிகளிடமும் போய்ச் சொன்னான். "அக்கா மேல பாசம், பாவம்," என்று தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அக்கா அவனைத் திட்டவில்லை. அது அவனுக்குத் திட்டியதைவிட மோசமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் அந்தப் பழைய வேடிக்கையை யாரும் எடுக்கவில்லை. மச்சான் ஒருநாள் மறந்துபோய் ஆரம்பித்துவிட்டு, பாதியில் தண்ணீர் கேட்டார்.

ஆனால் அவள் படகு ஓட்டுகிற விதம் மாறிப்போயிற்று. நடுவழிக்கு வந்ததும் நேராகப் போகமாட்டாள். மேட்டை நோக்கிக் கொஞ்சம், மேட்டை விட்டுக் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து போவாள், துணியில் தையல் ஓடுகிற மாதிரி. அலுவலகம் போகிறவர்கள் கைக்கடிகாரத்தைத் தட்டுவார்கள். "என்னம்மா, போதையா?" என்று கேட்பார்கள்.

"என் தம்பி கண்ணுல நான் பட்டுட்டே இருக்கணும். அவசரம்னா நீந்திப் போங்க," என்பாள்.

கயிற்றை அவிழ்க்குமுன் இப்போதும் அவனைக் கூப்பிடுவாள். அவன் மேலே ஏறிப்போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வான்.

காற்று விழுந்துபோன இன்னொரு காலை. கரை முழுவதும் படகுகளில் புதுத் திரைகள் ஏறியிருந்தன. அக்கா கூப்பிட்டாள். அவன் மேலே போய்ப் பார்த்தான். கொடி தொங்கியது. கடலின் நடுவில், தண்ணீரோடு தண்ணீராக, வெள்ளையாக ஏதோ மடிந்து கிடந்தது.

"அவுக்காதே," என்றான்.

"அவுக்கல," என்றாள்.

பிறகு எல்லாப் படகையும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான். ஒருவர் சிரித்தார். ஒருவர், "எங்க திரை சுத்தமா இருக்கே தம்பி, நீங்க கொடுத்ததுதானே?" என்றார். மற்றவர்கள் பதில் சொல்லவில்லை.

திரையில் பொட்டுகள் துறைகளை விட்டுக் கிளம்பி நேர்கோட்டில் நடுவழிக்கு வந்தன. பறவைகள் பிளந்து வழிவிட்டுப் போயின. பொட்டுகள் வழி மாறவில்லை. ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன.